காரில் லேப்டாப்புக்குச் சார்ஜ்: வாங்குவதற்கு முன் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள்

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கல்யாணம், முன்னோருக்குப் படைக்கும் படைப்பு என்று சென்னையிலிருந்து காரில் வருகிறவர்கள் காரைக்குடியில் இறங்கியதும் எங்களிடம் கேட்பது, 'காருக்கு ஒரு இன்வெர்ட்டர்'. லேப்டாப்புக்கு மட்டும்தான் என்றால் வேண்டாம். 12 வோல்ட்டை 230 ஆக ஏற்றி, அதையே அடாப்டரில் 20-க்கு இறக்குவது வீண் சுற்று. இரண்டு இடத்திலும் கொஞ்சம் கரண்ட் சூடாகப் போய்விடும்.

அடாப்டரின் முதுகில் 'அவுட்புட்' வரியைப் படியுங்கள். 20 வோல்ட், 3.25 ஆம்ப்ஸ் என்றால் 65 வாட்ஸ். டைப்-சியில் சார்ஜ் ஏறும் லேப்டாப்புக்கு பி.டி. (பவர் டெலிவரி, டைப்-சி வழியாகக் கூடுதல் வோல்ட் தரும் முறை) கார் சார்ஜர் போதும். ஆனால் அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் வாட்ஸ் பெரும்பாலும் எல்லா போர்ட்டும் சேர்ந்த கணக்கு. டைப்-சி போர்ட்டுக்கு மட்டும் எவ்வளவு, 20 வோல்ட் உண்டா என்பது பொடி எழுத்தில்தான் இருக்கும். அவுட்புட் 12 வோல்ட்டோடு நிற்கும் சார்ஜரில் போன் ஏறும், பல லேப்டாப்கள் அசையாது. கேபிளையும் பாருங்கள்: 3 ஆம்ப்ஸ் கேபிளில் 60 வாட்ஸுக்கு மேல் வராது.

லைட்டர் சாக்கெட்டின் ஃப்யூஸ் பல கார்களில் 10 அல்லது 15 ஆம்ப்ஸ். 65 வாட்ஸ் சார்ஜர் ஏறக்குறைய 6 ஆம்ப்ஸ் இழுக்கும். அதே சாக்கெட்டில் ஸ்ப்ளிட்டர் போட்டு, டயருக்குக் காற்றடிக்கும் பம்ப்பையும் சேர்த்தால் ஃப்யூஸ் போவது அதன் கடமை. அதற்காக 20 ஆம்ப்ஸ் ஃப்யூஸ் போடாதீர்கள். அடுத்து உருகுவது உள்ளே ஓடும் ஒயர்.

குண்டுகுழியில் இறங்கும்போதெல்லாம் சார்ஜ் விட்டுவிட்டு வருகிறதா? சார்ஜரின் இரு பக்கமும் இருக்கும் ஸ்பிரிங் தகடு தளர்ந்திருக்கும், அல்லது சாக்கெட்டின் அடியில் அழுக்கு படிந்திருக்கும். தொடர்பு சரியில்லாத இடத்தில்தான் சூடு ஏறும். அரைமணி ஓட்டத்துக்குப் பிறகு சார்ஜரைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியவில்லை என்றால் கழற்றிவிடுங்கள்.

பிள்ளையார்பட்டியில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு 2 மணி நேரம் வேலை பார்த்தால் பேட்டரியிலிருந்து 12 ஆம்ப்-அவர் (6 ஆம்ப்ஸ் × 2 மணி) போய்விடும். சின்னக் காரின் 35 ஆம்ப்-அவர் பேட்டரியில் இது மூன்றில் ஒரு பங்கு; பேட்டரி பழசு என்றால் அப்புறம் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். சாவி திருகும் நேரத்தில் சார்ஜரைக் கழற்றி வைப்பதும் நல்லது, அப்போது வோல்ட் சட்டென்று விழுந்து எழும்.

உருண்டைப் பின் லேப்டாப் வைத்திருப்பவர்கள் பழைய அடாப்டரையே கையோடு கொண்டு வாருங்கள். மாடல் பெயரை மட்டும் வைத்துப் பின் அளவைச் சொல்ல முடியாது.