நெரிசலுக்குப் பின்னால் வாடகை

ஆசிரியருக்கு,

சென்னையின் போக்குவரத்து நெரிசல் என்றாலே மேம்பாலம், மெட்ரோ என்றுதான் பேச்சு போகிறது. வாடகையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. தரமணியிலும் சோழிங்கநல்லூரிலும் வேலை பார்ப்பவர்கள் ஆசைப்பட்டா நகருக்கு வெளியே தள்ளியிருக்கும் கூடுவாஞ்சேரியிலும் மறைமலை நகரிலும் குடியிருக்கிறார்கள்? கட்டுப்படியாகும் வாடகைக்கு வீடு அங்கேதான் கிடைக்கிறது. காலை எட்டு மணிக்குப் பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலையோரம் நின்று பாருங்கள். ஸ்கூட்டரில் முன்னால் சீருடையில் பிள்ளை, பின்னால் மனைவி, இருவருக்கும் நடுவே நசுங்கும் சாப்பாட்டுப் பை.

வாடகையைவிடக் கொடுமை முன்பணம். மாதம் 15,000 ரூபாய் வாடகை என்றால், பத்து மாத அட்வான்ஸாக 1,50,000 ரூபாயை எண்ணி வைக்க வேண்டும். நடுத்தரக் குடும்பம் அதற்கு எங்கே போகும்? 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவது சட்டவிரோதம் என்கிறது. ஆனால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இருந்தால் அது பொருந்தாது என்று அதே பிரிவு வழியும் விட்டுவிடுகிறது. வீடு கிடைக்காமல் தெருத்தெருவாக அலைகிறவர் எந்த ஒப்பந்தத்தில்தான் கையெழுத்திட மாட்டார்?

கூவம் கரைக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டு, தொலைவிலுள்ள பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவர்களின் பாடு இன்னும் மோசம். வீட்டு வேலைக்காகப் பழைய இடத்துக்கே வரும் பெண்களுக்கு அரசின் சாதாரண பஸ்ஸில் கட்டணம் இல்லைதான். போகும் நேரத்தை யார் திருப்பித் தருவார்கள்?

வாடகைச் சட்டத்தில் முன்பண வரம்புக்குத் தந்திருக்கும் அந்த விதிவிலக்கை அரசு உடனே நீக்க வேண்டும். ரயில், மெட்ரோ நிலையங்களை ஒட்டியுள்ள அரசு நிலங்களில் குறைந்த வாடகைக் குடியிருப்புகளைக் கட்ட வேண்டும்.

- வாசகர், கூடுவாஞ்சேரி