பட்டினியா? துருக்கியிலா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

'துருக்கி என்றாலே கபாப்தான். சைவக்காரர்கள் புளிக்காய்ச்சல் கொண்டுபோகாவிட்டால் பட்டினி' என்று சென்ற இதழின் பயணக் கட்டுரை தீர்ப்பே எழுதிவிட்டது. மிக்க நன்றி. சுத்த சைவமான மாமியார், ஊர்வன பறப்பன எதையும் விடாத கணவர், தோசையைத் தவிர எதையும் தொடாத மகன் என்று மூவரையும் கூட்டிக்கொண்டு அந்த நாட்டைச் சுற்றி வந்தவள் நான். யாரும் பட்டினி கிடக்கவில்லை. மாமியாருக்கு எடைதான் கூடியது.

கட்டுரையாளர் இஸ்தான்புல்லில் சுலைமானியே மசூதிப் பக்கம் ஒருமுறை நடந்திருக்கலாம். வரிசையாக பீன்ஸ் கடைகள். வெள்ளை பீன்ஸைத் தக்காளியோடு குழைய வேகவைத்து, சோற்றோடு தருகிறார்கள். எஸ்னாஃப் லொகாந்தா என்னும் சாதாரணச் சாப்பாட்டுக் கடைகளில் சமைத்ததெல்லாம் கண்ணெதிரே இருக்கும். விரலை நீட்டினால் போதும், பாஷை வேண்டாம். ஆலிவ் எண்ணெயில் சமைத்து, ஆறவைத்துப் பரிமாறும் காய்கறி வகை தனியாகவே உண்டு. கத்தரிக்காய், கூனைப்பூ, அரிசி அடைத்துச் சுருட்டிய திராட்சை இலை என்று எதிலும் கறி சேராது. அந்தத் திராட்சை இலையை மாமியார் எத்தனை தின்றார் என்பதை இங்கே எழுதினால் வீட்டில் சண்டை வரும்.

பருப்பு சூப்பை எலும்புச் சாற்றில் செய்கிற கடைகளும் இருக்கின்றன; பீன்ஸிலும் கறித்துண்டு கிடக்கலாம். 'எத்சிஸ்' என்றால் இறைச்சி இல்லாதது வரும், சாறு பற்றித் தனியாகக் கேட்க வேண்டும். பயணக் கட்டுரை இதையல்லவா சொல்லியிருக்க வேண்டும்? புளிக்காய்ச்சல் யோசனை சொல்ல எங்கள் தெருவிலேயே ஆள் இருக்கிறது.

போன வருடம் ஜப்பானுக்கும் இதே யோசனை, வியட்நாமுக்கும் இதே யோசனை. சுற்றுலா நிறுவனங்களும் அப்படித்தான். நாங்கள் போன குழுவைத் துருக்கியின் நடுப்பகுதியில் இருக்கும் கப்படோக்கியாவில்கூட ராத்திரியானால் பன்னீர் மசாலா கடை வாசலில் இறக்கிவிட்டார்கள். அந்த நிறுவனங்களின் விளம்பரம் இல்லாத பின்னட்டையை உங்கள் பத்திரிகையில் நான் பார்த்ததில்லை, அது வேறு விஷயம்.

அப்புறம், தீபாவளி மலரில் வந்த 'துருக்கி பாக்லாவா' இனிப்புச் செய்முறை. முந்திரியாம், கண்டென்ஸ்டு மில்க்காம்! காஸியான்டெப் பாக்லாவாவுக்கு 2013-ல் ஐரோப்பிய ஒன்றியமே புவிசார் குறியீடு கொடுத்தது. அந்த ஊர் பிஸ்தா இல்லாமல் அந்த இனிப்பு இல்லை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 2020-ல் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குக் குறியீடு கிடைத்தபோது தலையங்கமே எழுதினீர்களே! கடலைக்குப் பதில் முந்திரியைப் போட்டு யாராவது கோவில்பட்டி பெயரில் விற்றால் சும்மா இருப்பீர்களா? அப்போதே எழுதினேன். இடமில்லை போலும், பிரசுரமாகவில்லை.

சரி, கேட்பது சின்ன விஷயம். கட்டுரையில் சிஹ் கோஃப்தே படத்துக்குக் கீழே 'பச்சை மாமிச உருண்டை' என்று போட்டிருக்கிறீர்கள். துருக்கியின் ஊர்ஃபா பக்கம் வீடுகளில் பச்சைக் கறி சேர்த்துப் பிசையும் வழக்கம் உண்டுதான். ஆனால் அதைக் கடையில் விற்கத் தடை. உங்கள் படத்தில் இருப்பது கடைப்பலகை. அங்கே கிடைப்பது உடைத்த கோதுமை, மிளகாய், மாதுளைப் பாகு சேர்த்தது. மாமியார் கீரை இலையில் சுருட்டி நின்றபடியே சாப்பிட்டார். அந்த ஒரு வரியை அடுத்த இதழில் திருத்திப் போடுங்கள். சமையல் பக்கத்தில் நாலு வரி மிச்சமிருந்தால் அந்தப் பருப்பு சூப்பையும் சேர்க்கலாம்: மைசூர்ப் பருப்பு, வெங்காயம், கேரட்டை வேகவைத்து மசித்து, வெண்ணெயில் மிளகாய்த்தூள் பொரித்து ஊற்றி, எலுமிச்சை பிழிந்து குடிக்கவும். முந்திரி வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.