வால்சக்கர மாடல் சுழன்றால், மாணவரைத் திட்டுமுன் சக்கரத்தை அளந்து பாருங்கள்

வடசென்னைக் கல்லூரிகளில் ஏரோமாடலிங் குழுக்களை வழிநடத்தும் பேராசிரியர்களுக்கும் பட்டறைப் பயிற்றுநர்களுக்கும், வால்சக்கர மாடல் கட்டிப் பறக்கவிடுவோர் எழுதும் மடல் இது. முன்னால் இரண்டு சக்கரமும் வாலடியில் ஒன்றும் கொண்ட விமான மாடலைத்தான் வால்சக்கர மாடல் என்கிறோம்.

அழகாக இறங்கிய மாடல், தரையில் நாலைந்து மீட்டர் ஓடியதும் திடீரென மூக்கைத் திருப்பி வட்டமடிக்கிறது. வெளிப்பக்க இறக்கையின் நுனி மண்ணில் உரசுகிறது. லேண்டிங் கியரைத் தாங்கும் பிளைவுட் பலகை பிய்ந்து வருகிறது. இதுதான் கிரவுண்ட் லூப். ‘ரட்டரை (மூக்கை இட வலமாகத் திருப்பும் வால் தகட்டை) ஒழுங்காகப் பிடிக்கவில்லை’ என்று அறிக்கையில் எழுதி முடிப்பது எளிது. ஆனால் அந்த மாணவரின் கையில் குறையே இல்லாமலும் இது நடக்கும்.

காசிமேட்டில் ஓடும் மீன்பாடி வண்டியைப் பாருங்கள். சக்கர அமைப்பு இதேதான்: முன்னால் 2, பின்னால் 1. ஆனால் அங்கே பாரம் முன்சக்கரங்களை ஒட்டியே இருக்கிறது. ஓட்டுபவர் திருப்புவதும் அந்த முன்பக்கத்தைத்தான். வால்சக்கர விமானத்தில் எடைமையம் (மொத்த எடையும் சமநிற்கும் புள்ளி) முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. மூக்கு கொஞ்சம் விலகினால் போதும், டயர்கள் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ள, பின்னாலிருக்கும் எடை வந்த திசையிலேயே போகப் பார்க்கும். அதனால் விலகல் தானாகக் குறையாது, வளரும். 1958-இல் முதலில் பறந்த ஹெச்.ஏ.எல். புஷ்பக் வால்சக்கர விமானத்துக்கும் உங்கள் பால்சா மர மாடலுக்கும் இந்த விதி ஒன்றே.

ஆகவே முதலில் அளவுகோல். வாலைத் தூக்கி உடலைக் கிடையாக வையுங்கள். எடைமையத்திலிருந்து சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்குப் போகும் கோடு, செங்குத்திலிருந்து 15 முதல் 20 டிகிரி முன்னே சாய்ந்திருக்க வேண்டும். எடைமையம் தரையிலிருந்து 150 மி.மீ. உயரத்தில் என்றால், சக்கரம் 40 முதல் 55 மி.மீ. முன்னால் வரும். மூக்கு குத்துகிறதே என்று பயந்து அதை 80-க்குத் தள்ளினால் சுழற்றும் நெம்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஒரு கோளாறுக்கு மருந்து கொடுத்து இன்னொன்றை வாங்கிக்கொள்வது அது.

அடுத்து, சக்கரங்களின் நேர். ஒவ்வொரு டயரின் பக்கத்திலும் 30 செ.மீ. ஸ்கேலை ஒட்டிவைத்து, உடலின் நடுக்கோட்டிலிருந்து முன்முனைக்கும் பின்முனைக்கும் எவ்வளவு தூரம் என்று அளங்கள். வித்தியாசம் 5 மி.மீ. என்றால் ஏறக்குறைய 1 டிகிரி திரும்பியிருக்கிறது. சக்கரம் லேசாக உள்நோக்க வேண்டுமா, நேராக இருக்க வேண்டுமா என்ற விவாதம் பிறகு இருக்கட்டும். இடம், வலம் இரண்டும் ஒரே அளவில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. ஒரு முரட்டுத் தரையிறக்கம் போதும், ஒரு பக்கச் சக்கரத்தைத் தாங்கும் கம்பி வளைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, ஸ்கேலுக்குத் தெரியும்.

வால்சக்கரம் இட வலமாகத் திரும்பும் அச்சையும் பாருங்கள். அதன் மேல்முனை முன்னோக்கிச் சாய்ந்திருந்தால் சக்கரம் நடுங்கத் தொடங்கும், பிடிப்பு போய்விடும். ரட்டரோடு இணைக்கும் ஸ்பிரிங் தொய்ந்திருந்தாலும் ரிமோட்டின் ஸ்டிக் சொல்வது சக்கரத்துக்குத் தாமதமாகத்தான் போய்ச்சேரும்.

இனி நம்மூர்க் காற்று. திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் கரையை ஒட்டிய மைதானம் பெரும்பாலும் வடக்கு தெற்காகத்தான் நீளும். மே, ஜூனில் காலையில் மேற்கிலிருந்து வீசும் காற்று, கடற்காற்று நுழைந்ததும் கிழக்குக்கோ தென்கிழக்குக்கோ மாறிவிடும். காலையில் இடமிருந்து அடித்தது மதியம் வலமிருந்து அடிக்கும். செங்குத்து வால் காற்றாடிபோல் வேலை செய்து மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பும். ஒரு கம்பில் ரிப்பன் கட்டி நடுங்கள்; ஒவ்வொரு தரையிறக்கத்துக்கு முன்னும் மாணவர் அதைப் பார்த்துச் சொல்லட்டும்.

வலமிருந்து காற்று என்றால் வல இறக்கையைத் தாழ்த்தி, இட ரட்டரால் மூக்கை நேராக்கி, வலச் சக்கரம் முதலில் தரையைத் தொடச் செய்ய வேண்டும். பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே தொட்டால் லூப் அப்போதே தொடங்கிவிட்டது. வேகம் குறையக் குறைய எய்லரானை (இறக்கையை ஒரு பக்கம் தாழ்த்தும் தகட்டை) காற்றின் பக்கம் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

இதில் அதிகம் கவனிக்கப்படாத நேரம் ஒன்று உண்டு. வேகம் குறைந்து ரட்டர் வலுவிழக்கிறது, வால்சக்கரமோ இன்னும் அழுந்தவில்லை. அந்த இடைவெளியில்தான் மாடல் போகிறது. பறக்கும் வேகம் போனதும் எலிவேட்டரை (மூக்கை மேலும் கீழும் ஆட்டும் வால் தகட்டை) முழுக்கப் பின்னிழுத்து வாலை அழுத்திப் பிடிக்க வேண்டும். வேகம் இருக்கும்போதே இழுத்தால் மறுபடி எழும்பிவிடும். ரட்டரைச் சின்னச் சின்னத் தட்டாகக் கொடுத்து, மூக்கு நேராகும் முன்பே விட வேண்டும். நேரானபின் விட்டால் எதிர்ப்பக்கம் போய்விடும். விலகல் கொஞ்சமாக இருக்கும்போதே த்ராட்டில் கொடுத்தால் ப்ரொப்பெல்லர் காற்று ரட்டருக்கு உயிர் தரும், மறுபடி எழுந்து சுற்றி வரலாம். பாதி வட்டம் ஆனபின் கொடுத்தால் சேதம்தான் கூடும்.

உங்களிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். முதல் பறப்புக்கு முன், நடை வேகத்திலும் ஓட்ட வேகத்திலும் இரு திசைகளிலும் 10 முறை தரையில் ஓட்டிக் காட்டாத மாடலை மேலே அனுப்பாதீர்கள். விபத்து அறிக்கைப் படிவத்தில் சக்கர அளவு, எடைமையம், காற்றின் திசை ஆகிய மூன்று கட்டங்களையும் நிரப்பிய பிறகே ‘பைலட்’ என்ற கட்டத்துக்கு வாருங்கள்.