எட்டு மணி நேரத் தேர்வும் ஒரு வரி முடிவும்

ஐயா,

நெட்வொர்க்கிங் படிப்புகள் பற்றிய தங்கள் கட்டுரையில், சிஸ்கோ நிறுவனம் தரும் நெட்வொர்க் வல்லுநர் சான்றிதழான சிசிஐஇ-யின் செய்முறைத் தேர்வுக்கு ஒரே ஒரு வரிதான். 2023-இல் பெங்களூரில் அதை எழுதித் தோற்றவன் என்ற முறையில் கொஞ்சம் சேர்க்கிறேன்.

முதல் மூன்று மணி நேரம் வடிவமைப்பு, அடுத்த ஐந்து மணி நேரம் ரூட்டர், சுவிட்ச் ஆகிய நெட்வொர்க் கருவிகளில் கைவேலை. மொத்த மதிப்பெண் மட்டும் போதாது. இரு பகுதியிலும் குறைந்தபட்ச அளவைத் தாண்ட வேண்டும். நம் பள்ளிக் கணக்குத் தேர்வைப் போல் ‘ஸ்டெப் மார்க்’ கிடைக்கும் என்று நம்பி உட்காரக் கூடாது. கேட்டபடி நெட்வொர்க் இயங்குகிறதா என்பதுதான் பேச்சு. நான் ஓரிடத்தில் சப்நெட் மாஸ்க்கை (முகவரியில் எது வரை நெட்வொர்க்கைக் குறிக்கும் என்று காட்டும் எண்ணை) தவறாக அடித்தேன். ஊர் திரும்பும் ரயிலில், ஓசூர் தாண்டிய பிறகுதான் உறைத்தது!

முடிவு பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் இணையத்தில் வந்துவிடும். விடைத்தாள் நகல் கேட்கும் பழக்கம் அங்கே செல்லாது.

எங்கள் ஊர்ப் பயிற்சி நிலையம் ஒன்று ‘90 மார்க் உறுதி’ என்று பேனர் கட்டியிருக்கிறது. தேறியவருக்கே மார்க் சொல்லாத தேர்வில் 90 எங்கிருந்து வந்ததோ?

– ஒரு வாசகர், கோவை