பட்டியலைச் சுவரில் ஒட்டாதீர்கள்

நலன்புரிக் கொடுப்பனவுகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். கொழும்பு 15இல் ஒரு தோட்டத்துப் (நெருக்கமான சிறு வீடுகள் உள்ள குடியிருப்பு) பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். 2023 ஜூலையில் அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டம் தொடங்கியதிலிருந்து நடப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் பிள்ளைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

போன மாதம் தோட்டத்து வாசலில், கொடுப்பனவு கிடைக்கும் வீடுகளின் புதுப் பெயர்ப்பட்டியல் ஒட்டப்பட்டது. என்னிடம் எழுத்துக்கூட்டப் பழகிய தரம் 4 பிள்ளைதான் அதை முதலில் வாசித்தது. வகுப்புக்கு ஓடிவந்து, "டீச்சர், இவங்கட அம்மாட பேர் இருக்கு, எங்கட பேர வெட்டிட்டாங்க" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்.

பெயர் இருந்த வீட்டுப் பிள்ளை, மாலு பாணை (மீனும் உருளைக்கிழங்கும் வைத்த பணிஸ்) இரண்டாகப் பிய்த்து இவளுக்கு ஒரு பாதியைக் கொடுத்துவிட்டுத்தான் தன் பாதியைக் கடிப்பாள். அன்றும் நீட்டினாள். "வேணாம். எங்கட காசுதானே உங்களுக்குப் போகுது." ஒன்பது வயதில் இப்படியொரு பேச்சு தானாக வராது, வீட்டில் கேட்டிருக்கிறாள். நீட்டிய கை அப்படியே நின்றது. உருளைக்கிழங்கு உதிர்ந்து கொப்பியில் விழுந்தது. இப்போது கை நீட்டிய பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பியிருந்து சாப்பிடுகிறாள்.

உதவிக் காசு வந்தால் பிள்ளைகள் சுயநலமாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் கண்டது வேறு. கொடுப்பனவு வரத் தொடங்கிய பிறகுதான் பாண் கொடுத்த அந்தப் பிள்ளையின் கையில் பிய்த்துக் கொடுக்க ஏதாவது இருந்தது. அதற்கு முன் தண்ணீர்ப் போத்தலோடு மட்டும் வருவாள். 2015இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில்கூட, பரிசு வாங்குவதற்காகத் தாங்கள் சேர்த்த டோக்கன்களை நோயுற்ற பிள்ளைகளுக்கு அதிகமாகக் கொடுத்தவர்கள் வசதி குறைந்த வீட்டுச் சிறுவர்கள்தான். கொடுக்கும் மனம் இவர்களிடம் ஏற்கனவே இருக்கிறது. தயவுசெய்து அதைக் கெடுக்காதீர்கள். பட்டியலைச் சுவரில் ஒட்டாதீர்கள்.

யாருக்குக் கொடுப்பனவு என்று தீர்மானிக்க 22 அளவுகோல் வைத்திருக்கிறீர்கள். வீட்டையும் மின்கட்டணத்தையும் பார்க்கிறீர்கள். அதற்குப் பிறகும் பக்கத்து வீட்டுக்காரர் ஆட்சேபணை எழுதித் தரலாம் என்கிறீர்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் ஒரு போத்தல் மண்ணெண்ணெயை மூன்று வீட்டுக்குப் பிரித்து ஊற்றிய சனம் இது. அதே சனம் இன்று அடுத்த வீட்டில் ஃபேன் வாங்கினார்களா என்று எட்டிப் பார்க்கிறது. இந்த எட்டிப் பார்க்கிற பழக்கத்தைக் கொண்டுவந்தது உங்கள் படிவம். பிள்ளைகளும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, மன்னியுங்கள்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. முடிவை அந்தந்த வீட்டுக்குக் கடிதமாகவோ, தொலைபேசிக் குறுஞ்செய்தியாகவோ அனுப்புங்கள். சந்தேகம் இருந்தால் உத்தியோகத்தர் ஒருவர் நேரில் வந்து பார்க்கட்டும், அயலவரைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம். வெட்டப்பட்ட அந்த வீட்டின் மேன்முறையீட்டையும் கொஞ்சம் சீக்கிரம் பாருங்கள்.

எங்கள் தோட்டத்துப் பட்டியல் இன்னும் வாசலில்தான் இருக்கிறது. அடுத்த வகுப்புக்கு முன் அதைக் கழற்றச் சொல்லுமாறு தாழ்மையாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாலை வகுப்பு ஆசிரியை