குகை ஆய்வுக் கழகம், திருகோணமலை: செயலாளரின் ஆண்டறிக்கை

அன்பான உறுப்பினர்களுக்கு வணக்கம். பொதுச்சபைக் கூட்டத்தில் வாசித்த அறிக்கையையே இங்கும் போடுகிறேன். அன்று வந்தது 11 பேர்தான், மற்றவர்களுக்கும் விஷயம் தெரிய வேண்டும். நேரம் போதாமல் அன்று விட்டுப்போன சிலவற்றையும் சேர்த்திருக்கிறேன்.

வழமையான வேலைகள் நடந்தன. நிர்வாக சபை 7 தடவை கூடியது. தை மாதம் கன்னியாவுக்குப் போய் வெந்நீர்க் கிணறுகள் ஏழிலும் வெப்பநிலை எடுத்தோம். உவர்மலைச் சரிவில் புதியவர்களுக்கு அளவுநாடா, கொம்பாஸ், சாய்வுமானி பிடிக்கப் பழக்கினோம். பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஆந்திராவின் பேலம் குகைகள் பற்றி ஒரு மாலை பேசினோம். அந்தக் குகையை 1884இலேயே நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் குறித்து வைத்திருந்தார். ஆனால் 1982, 83இல் கெபாவரின் ஜெர்மன் குழு இறங்கி அளந்த பிறகுதான் அது எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. இன்று 3,229 மீற்றர் என்று சொல்கிறார்கள். ஒரு குகை இருப்பது ஊருக்குத் தெரிந்திருப்பதும் அது அளக்கப்பட்டிருப்பதும் ஒன்றல்ல என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன், அவர்களுக்கு நன்றாகவே விளங்கியது.

இனி, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் பகுதியில் நாம் அளந்த குகை. இதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், கூட்டத்தில் அதிகம் கேள்வி வந்ததும் இதற்குத்தான்.

திருகோணமலைக் கழகம் ஏன் யாழ்ப்பாணம் வரை போகிறது என்று ஒவ்வோர் ஆண்டும் ஒருவராவது கேட்கிறார். கோணேசர் மலையும் நம்மைச் சுற்றியுள்ள குன்றுகளும் மிகப் பழைய உருமாறிய பாறை, அதில் வெடிப்பு இருக்கும், பாறைகளுக்கு இடையில் ஒதுங்க இடம் இருக்கும், ஆனால் தண்ணீர் கரைத்து உண்டாக்கிய குகை இருக்காது. யாழ்ப்பாணக் குடாநாடு மயோசீன் காலத்தில், அதாவது பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன், கடலுக்கடியில் படிந்த சுண்ணக்கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாகி, வெடிப்பு வழியே இறங்கி அந்தக் கல்லைக் கரைக்கிறது. நிலாவரைக் கிணறும் கீரிமலை ஊற்றும் அப்படி வந்தவைதான். நாம் அளந்தது அவற்றைப்போலப் பேர் பெற்றது அல்ல, ஒரு தோட்டக் காணிக்குள் இருக்கும் சின்னக் குகை. வாசல் எங்கே என்று எழுதவில்லை, காணிக்கார ஐயாவுக்கு அப்படி வாக்குக் கொடுத்திருக்கிறோம்.

ஆனி மாதம் முதல் தடவை போனோம். விடிய 3 மணிக்கு வான், ஹொரவப்பொத்தானை, வவுனியா வழியாக. பெயர் கொடுத்தவர்கள் 14 பேர், வானில் ஏறியவர்கள் 6 பேர். உள்ளே போகுமுன் கிணறு வெட்டுகிறவர்கள் செய்வதுபோல அரிக்கன் லாம்பைக் கயிற்றில் இறக்கி, உள்ளே மூச்சுவிடக் காற்று இருக்கிறதா என்று அறிய, அது அணையாமல் எரிகிறதா என்று பார்த்தோம். வௌவால் எச்சத்தின் தூசு நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால் எல்லோருக்கும் முகக்கவசம், ஆளுக்கு 3 ரோச் லைட். அப்புறம் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குத் தூரம், திசை, சாய்வு, அதோடு ஒவ்வொரு புள்ளியிலும் இடம், வலம், மேல், கீழ் எவ்வளவு என்று கொப்பியில் எழுதிக்கொண்டே தவழ்ந்தோம். ஒரு நாள் முழுக்க வேலை செய்து 64 மீற்றர்.

வீட்டுக்கு வந்து வரைந்து பார்த்தபோது வட்டம் மூடவில்லை. உள்ளே ஒரு பாதை சுற்றிக்கொண்டு தொடங்கிய இடத்துக்கே வருகிறது. அப்படியென்றால் கணக்கிலும் கடைசிப் புள்ளி முதல் புள்ளியில் வந்து விழ வேண்டும். 46 மீற்றர் சுற்றில் 1.9 மீற்றர் விலகி நின்றது. இரண்டு இரவு கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. கொம்பாஸ் பிடித்தது நான், என் சேர்ட் பொக்கற்றில் போன் இருந்தது, அதன் உறையில் காந்தம். அதனால்தான் இரண்டாவது பயணம். இடையில் நல்லூர்த் திருவிழா வந்ததால் தங்க அறை கிடைக்கவில்லை, ஆகவே புரட்டாதியில், மழைக்கு முன் போனோம். இந்தமுறை 4 பேர். ஒவ்வொரு புள்ளியிலும் முன்னும் பின்னுமாகத் திசை பார்த்தோம், பிழை 0.4 மீற்றருக்கு இறங்கியது.

"ஒரே பொந்துக்கு இரண்டு தரம் வான் கூலியா" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். தவறு என்னுடையது, அதை மறைக்கவில்லை. ஆனால் பிழை என்று தெரிந்த வரைபடத்தைக் கழகத்தின் பெயரில் ஒருவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வராது. காணிக்கார ஐயா இரண்டாம் தடவை தேத்தண்ணி தந்துவிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எங்கட கிணத்துக்குத் தண்ணி இதுக்குள்ளாலதான் வருதோ தம்பி?" வரைபடத்தைக் காணிப் படத்தின்மேல் வைத்துப் பார்த்தால் ஒரு கிளை நேராக அவருடைய கிணற்றுப் பக்கம்தான் போகிறது. உள்ளே பொலித்தீனும் பசளைப் பைகளும் கிடந்தன. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை, குடிப்பதும் பயிருக்கு இறைப்பதும் கடல்நீருக்கு மேலே மிதக்கும் அந்த நல்ல தண்ணீரைத்தான். மணல் என்றால் ஓரளவு வடிகட்டும், சுண்ணக்கல் பிளவு வடிகட்டாது, மேலே போட்டது அப்படியே கிணற்றுக்கு வரும். ஐயா குப்பையை அள்ளிவிட்டுச் சுற்றி வேலி போட்டிருக்கிறார். இந்த ஆண்டு கழகம் செய்ததில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது அந்த வேலிதான்.

கணக்கைப் பொருளாளர் தனியாகத் தருவார். வரவும் செலவும் ஏறக்குறையச் சமம், கையில் சிறிது இருக்கிறது, இரண்டாவது வான் கூலியில் ஒரு பகுதி இன்னும் கொடுக்கவில்லை. 42 உறுப்பினர்களில் சந்தா கட்டியவர்கள் 17 பேர். வாட்ஸ்அப் குழுவில் குகைப் படங்களுக்கு விருப்பம் போடுகிறவர்கள் இதைவிட அதிகம், சந்தா கேட்டு நான் போட்ட செய்திக்கு வந்த பதில் இரண்டு. கஷ்டம் என்றால் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள், ஒருவரையும் அதற்காக விலக்கியதில்லை. ஆனால் பெயரைக் கொடுத்துவிட்டு விடிய 3 மணிக்குப் போனை எடுக்காமல் இருப்பது வேறு. அந்த 8 இருக்கைக்கும் சேர்த்துத்தான் கூலி போனது.

தலைவர் ஐயாவுக்கும் நிர்வாக சபைக்கும் கூட்டத்துக்கு இடம் தந்தவர்களுக்கும் வான் ஓட்டிய தம்பிக்கும் நன்றி. கொப்பி எழுதிய தங்கச்சிக்குத் தனியாக நன்றி, அவருடைய கையெழுத்து இல்லாவிட்டால் அந்தப் பிழையை நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

அடுத்த ஆண்டுக்கும் என்னையே செயலாளராகப் போட்டிருக்கிறீர்கள். சரி, செய்கிறேன். வலிகாமம் குகையில் கிணற்றுப் பக்கம் போகும் அந்தக் கிளையின் கடைசியில் தண்ணீர் நின்றதால் நாம் திரும்பிய இடம் ஒன்று இருக்கிறது, நீர் வற்றும் காலத்தில் அதற்கு அப்பால் போகலாம் என்று நினைக்கிறேன். அதற்கு உள்ளே 4 பேர், வெளியே 2 பேர், ஒரு லேசர் தூரமானி வேண்டும். தூரமானிக்கு நிலுவைச் சந்தாவில் பாதி வந்தாலே போதும். வரைபடத்தின் பிரதி என்னிடம் இருக்கிறது, வீட்டுக்கு வந்து பார்க்கலாம். வர விரும்புகிறவர்கள் வைகாசிக்குள் பெயர் தந்தால் வானைப் பேசிவிடுகிறேன், இந்தமுறை பெயரோடு கூலியில் பாதியையும் தந்துவிடுங்கள்.