ஓர் எழுத்து விட்ட கதை

வெள்ளவத்தை,
வெள்ளி இரவு

அன்புள்ள மச்சான்,

ஆறு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதை இந்த இடத்திலேயே திட்டி முடித்துவிடு, சொல்ல நிறைய இருக்கிறது. வீட்டில் எல்லாரும் சுகம். மூத்தவள் சோதனை எழுதிவிட்டாள்.

எங்கள் கந்தோரில் கணக்குப் பகுதியார் நால்வரும் ஒரே கடவுச்சொல்லோடு சேர்வருக்குள் புகுந்துகொண்டிருந்தார்கள். கோப்பை அழித்தது யார் என்றால் நால்வரும் மின்விசிறியைப் பார்ப்பார்கள். செவ்வாய் மாலை முடிவு கட்ட உட்கார்ந்தேன். ஆளுக்கொரு கணக்கு, குரூப்ஆட் கட்டளையில் அவர்களுக்கென ஒரு குழு, பொதுவாக ஒரு கோப்புறை, அதற்கு 2770 அனுமதி, அதாவது சொந்தக்காரரும் குழுவும் தவிர வெளியார் நுழைய முடியாது. முன்னால் நிற்கும் அந்த 2தான் சூட்சுமம்: உள்ளே யார் எதை உருவாக்கினாலும் குழுவுக்கே சொந்தமாகும். புதுக் கோப்புகளின் அனுமதியைத் தீர்மானிக்கும் யூமாஸ்க்கையும் 002 ஆக்கினேன், இல்லாவிட்டால் ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்த முடியாதே.

கடைசியில் சோதித்துப் பார்க்க என்னையும் சேர்த்தேன். அங்கேதான் சறுக்கினேன். கணக்குகளைத் திருத்தும் யூசர்மாட் கட்டளைக்கு '-ஏஜி' கொடுக்கவேண்டும். நான் வெறும் '-ஜி' அடித்துவிட்டேன். ஏ இருந்தால் இந்தக் குழுவிலும் சேர்க்கும். இல்லாவிட்டால் மற்றவற்றிலிருந்து தூக்கிவிடும். நிர்வாகி அதிகாரம் தரும் சுடூ குழுவிலிருந்தும் தூக்கியது, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல்! குழு மாற்றம் மறுபடி உள்நுழைந்தால்தான் பலிக்கும் என்று கடமை தவறாமல் வெளியேறி வந்தேன். நீ சுடூவர்ஸ் கோப்பில், அதாவது அந்த அதிகாரம் உள்ளவர்கள் பட்டியலில், இல்லை என்கிறது. பதினொரு வருடம் நான் வளர்த்த யந்திரம், மச்சான். அதில் ஓடும் உபுண்டு லினக்ஸில், எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்குக்குக் கடவுச்சொல்லும் வைப்பதில்லை, அந்த வழியும் அடைப்பு.

காவலாளியிடம் சாவி வாங்கி, யந்திர அறையில் மண்டியிட்டு விசைப்பலகையைச் செருகி, மீட்பு முறையில் ஏற்றி, என்னை நானே திரும்பச் சேர்த்துக்கொண்டபோது கோட்டையில் கடைசி ரயிலும் போய்விட்டது. "வீட்டுச் சாவி தொலைந்துவிட்டதா, ஐயா?" என்று கேட்டுக்கொண்டே காவலாளி பிளேன்டீ கொடுத்தார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

குடிக்கும்போதுதான் உறைத்தது. சுடூ குழுவின் வரியில் என் பெயர் மட்டும்தான். போன ஆனியில் நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாலு நாளும் சேர்வரைத் தொட ஒருவரும் இல்லை. புதிதாக வந்த பிள்ளை கெட்டிக்காரி, என்னைவிட நிதானமானவள். அவளையும் சேர்ப்போம் என்றால், இரண்டு பேரிடம் சாவி வேண்டாம் என்கிறார் முதலாளி. உங்கள் இடத்தில் எப்படிச் சம்மதிக்க வைத்தாய்? வெசாக் லீவில் நீ பார்த்த வேலையை நான் மறக்கவில்லை, இருந்தாலும் உன்னிடம்தான் கேட்கவேண்டியிருக்கிறது. திங்கட்கிழமைக்குள் பதில் போடு, அன்றைக்கு அவரைப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
குண்டூசி